எழுதுகிற நாட்களில் எதைப் படிப்பது

என் நாவல் நோட்டுகளில் ஒவ்வொரு அத்தியாயத்தின் ஓரத்திலும், அந்தச் சமயத்தில் என்ன படித்துக்கொண்டிருந்தேன் என்று பென்சிலில் குறித்து வைக்கிற பழக்கம் உண்டு. சும்மாதான் ஆரம்பித்தேன். முதல் வரைவு முடிந்து மொத்தமாகப் படித்தபோது, அத்தியாயங்களைவிட அந்த ஓரக் குறிப்புகள் சுவாரஸ்யமாக இருந்தன. தஞ்சாவூர்ப் பக்கத்து நாவல்களில் மூழ்கிக் கிடந்த மாதத்தில் எழுதிய இடத்தில், சேலம் அம்மாபேட்டை நெசவாளி ஒருவர் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து, சீவலை எடுத்து, காம்பைக் கிள்ளி, நிதானமாக ஒரு பக்கத்துக்குப் பேசுகிறார். மொழிபெயர்ப்பு நாவல் படித்த மாதத்தில் அதே மனுஷர் வாயே திறக்காமல் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டில் தறி இருக்கிற அறைக்கு ஜன்னலே கிடையாது. கூரையில் போட்ட கண்ணாடி ஓடு வழியாக வருகிற வெளிச்சம்தான்.

வாசிப்பு எழுத்தைப் பாதிக்கும் என்றால் பலரும் கருத்து, கொள்கை, பார்வை என்றுதான் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை கருத்து கடைசியில் வந்து சேர்கிறது. முதலில் வருவது வாக்கியத்தின் நீளம். அதன் பின்னால் பாத்திரங்களின் உடம்பு அசைகிற விதம். அப்புறம் கதைக்குள் காலம் நகர்கிற வேகம். இந்த மூன்றும் கேட்காமலே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. கருத்தைக்கூட யோசித்து மறுத்துவிடலாம். வாக்கிய நீளத்தை யார் யோசித்து மறுக்கிறார்கள்?

நான் சேலத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். நாவலும் அங்கிருந்து கிளம்பியதுதான். வெண்பட்டு வேட்டி நெய்கிற ஒரு குடும்பம். அதில் இளையவன் தறிக்குழியில் இறங்க மாட்டேன் என்று 1950களில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றுக்குக் கணக்கெழுதப் போகிறான். கீழே பாதிக் கதை, மேலே பாதிக் கதை. ஆக, நெசவுக்கும் படிக்க வேண்டியிருந்தது, தோட்டத்துக்கும் படிக்க வேண்டியிருந்தது.

உடம்பு அசைவைப் பற்றிச் சொன்னேனே, அதற்கு எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கதை எழுதுகிற கல்லூரிப் பையன் ஒருவன் அவ்வப்போது வந்து படித்துக் காட்டுவான். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெரியவரும் திண்ணையில் இருந்தார். வாழ்நாளெல்லாம் தறியில் உட்கார்ந்தவர். பையன் படிக்கிறான்: முதலாளி கூலியைக் குறைத்துச் சொல்ல, நெசவாளி ‘தோள்களைக் குலுக்கினான்’. பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இரு கண்ணு. எதுக்குத் தோள ஆட்டறான்? நோவா?”

“இல்லீங்க தாத்தா. ‘எனக்கென்ன வந்துச்சு’ன்னு அர்த்தம்.”

“அதுக்கு எதுக்குத் தோள ஆட்டணும்?”

பையன் சிரித்துவிட்டான். அப்புறம் கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டான். “நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க தாத்தா?”

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். “நானா? பதிலே சொல்ல மாட்டேன். கயித்தப் புடிச்சு நாலு இழுப்பு இழுப்பேன். நாடா ஓடற சத்தத்துல அவனே பேச்ச நிறுத்திருவான்.”

தறியில் கயிற்றை இழுத்தால்தான் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா ஓடும். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோபம், அலட்சியம், கூலிக்காரனுக்கு இருக்கிற ஒரே அதிகாரம் எல்லாம் அந்த நாலு இழுப்பில் இருக்கிறது. இந்த அசைவு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அதே பெரியவர் அறுந்த இழையை முடிகிறபோது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நாக்கில் தொட்டு ஈரமாக்கி ஒரு முறுக்கு முறுக்குவார். அப்போது நீங்கள் என்ன கேட்டாலும் “ம்” மட்டும்தான் வரும், ஏனென்றால் நாக்கு வேலையில் இருக்கிறது. என் நாவலில் அப்பா பாத்திரம் சங்கடமான கேள்வி வரும்போதெல்லாம் ஓர் இழை அறுந்துவிட்டதாகப் பாவனை செய்வார். அந்த யோசனை அன்றைக்குக் கிடைத்தது.

அதிலிருந்து நான் கடைப்பிடிக்கிற வேலை ஒன்று உண்டு. அத்தியாயத்தை எழுதி முடித்ததும் சிவப்பு மையால் உடம்பு அசைவுகளை மட்டும் அடிக்கோடிடுவேன். பெருமூச்சு விட்டாள், புருவத்தை உயர்த்தினான், உதட்டைக் கடித்துக்கொண்டாள், தோளைக் குலுக்கினான். இதில் எதை எங்கள் தெருவில் கண்ணால் பார்த்திருக்கிறேன், எதைப் படித்து மட்டும் தெரிந்துகொண்டேன்? படித்தது மட்டும் என்றால் அடித்துவிடுவேன். பாதிக்கு மேல் போய்விடும். எழுத்தாளருக்குக் கை நடுங்கும், பரவாயில்லை.

பேச்சு இதைவிடச் சிக்கல். சேலத்தில் நெசவாளர் வீடுகள் பலவற்றில் அடுப்படிப் பேச்சு தமிழ் கிடையாது. சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம் என்று தெருவுக்குத் தெரு மாறும். வெளியே சந்தையிலும் சங்கத்திலும் தமிழ். இந்த இரண்டுக்கும் நடுவில் வாழ்கிற குடும்பத்தை எப்படி எழுதுவது என்று தெரிந்துகொள்ளத்தான் வட்டார நாவல்களைத் திரும்ப எடுத்தேன். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வந்தது. கொங்கு மண்ணின் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்த முன்னோடி. அதில் பாத்திரங்கள் ஊர்ப் பேச்சில் பேசுகிறார்கள், கதை சொல்கிற குரல் பொதுத் தமிழில் நிற்கிறது. கி. ராஜநாராயணனிடம் போனால் கதை சொல்கிற குரலே கரிசல் காட்டு ஆளாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இந்த இரண்டு வழிகளில் எது வேண்டும் என்பதை எழுத ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் எந்த வாரம் யாரைப் படிக்கிறோமோ அவர் பக்கம் சாய்ந்துகொண்டே இருப்போம்.

நான் முதல் வழியை எடுத்தேன், ஒரு சின்ன மாற்றத்தோடு. புருஷனும் பெண்டாட்டியும் தனியாக இருக்கும்போது அவர்கள் பேச்சு அவர்களுடைய வீட்டு மொழியில் நடக்கிறது என்று வைத்துக்கொண்டு, அதை வட்டார வாசனை இல்லாத, சின்னச் சின்ன, நேரான தமிழ் வாக்கியங்களில் எழுதினேன். வெளியாள் வாசலில் வந்து நின்றதும் “ஏனுங்க”, “பொழுதோட வாரனுங்க”, “ஒரம்பரை வந்திருக்காங்க” என்று சேலத்துப் பேச்சு கிளம்பிவிடும். மொழி மாறிவிட்டது என்று எங்கும் சொல்லவில்லை. படித்தவர்கள் சிலர் கவனித்தார்கள், பலர் கவனிக்கவில்லை, இரண்டும் எனக்குச் சம்மதம்.

இனி மலைக்குப் போவோம். தோட்டத்தை எழுதப் போகிறேன் என்றதும் எல்லோரும் படிக்கச் சொன்னது தேயிலைத் தோட்டக் கதைகளைத்தான். பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் 1969இல் எழுதிய ‘ரெட் டீ’, இரா. முருகவேள் தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என்று கொண்டுவந்தது, கண்டிப்பாகப் படிக்க வேண்டிய புத்தகம். ஆனால் அது ஆனைமலைத் தேயிலை. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை காப்பி. இந்த வித்தியாசம் வெறும் பயிர் வித்தியாசம் என்று நினைத்தால் நாவலே கோணலாகிவிடும்.

தேயிலை ஆண்டு முழுக்கக் கொழுந்து கொடுக்கும். அதே செடிக்குக் கொஞ்ச நாளில் திரும்ப வர வேண்டும். காப்பி அப்படியில்லை. கோடையில் ஒரு மழை பெய்தால் சில நாட்களில் மலை முழுக்க வெள்ளையாகப் பூத்து மல்லிகை மாதிரி மணக்கும். அந்த மழை வராவிட்டால் அந்த வருஷமே ஆட்டம் கண்டுவிடும். பழம் சிவப்பது மழைக்காலம் முடிகிற சமயம். எல்லாம் ஒன்றாகப் பழுக்காது, அதனால் நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று ஒரே செடியைச் சுற்றிச் சுற்றி வந்து பறிக்க வேண்டும். களையெடுப்பு, நிழல்மரம் கழிப்பது என்று மற்ற மாதங்களிலும் வேலை உண்டு. ஆனால் கூட்டமாக ஆள் சேர்வது பழம் பறிப்புக்குத்தான்.

இது கதையை என்ன செய்கிறது பாருங்கள். தேயிலைத் தோட்டக் கதையில் இரண்டு பேர் எந்த மாதமும் சந்தித்துக்கொள்ளலாம். என் கணக்குப்பிள்ளை ஒரு பெண்ணைப் பார்க்கிறான் என்றால் அது பறிப்புக் காலத்தில்தான் நடக்கும். அதுவும் பொழுது சாய்கிற நேரத்தில், பறித்த பழத்தைக் கொண்டுவந்து அளந்து கொடுக்கிற வரிசையில். அன்றைக்குப் பறித்ததை அன்றைக்கே தோல் உரிக்க வேண்டும், வைத்தால் புளித்துவிடும். அதனால் அங்கே நின்று பேச யாருக்கும் நேரமில்லை. அவள் பெயர் அவனுக்குத் தெரியும், ஏனென்றால் அவன்தான் எழுதுகிறான். அவன் பெயர் அவளுக்குத் தெரியாது. பறிப்பு முடிந்தால் அடுத்த பறிப்பு வரை ஒன்றுமில்லை. நாவலின் இரண்டாம் பாதி முழுக்க இந்த இடைவெளியில்தான் ஓடுகிறது. வேறு மலையின் கதையை மண்டையில் வைத்துக்கொண்டு எழுதியிருந்தால் இந்த இடைவெளி எனக்குக் கிடைத்தே இருக்காது. நாகலூர்ப் பக்கம் ஒரு பாட்டியம்மா அவள் சிறுவயதுப் பறிப்பைப் பற்றிப் பேசியதும், குப்பனூர் வழியாக இறங்குகிற பஸ்ஸில் பக்கத்து இருக்கை ஆட்கள் மழையைப் பற்றிப் புலம்பியதும்தான் புத்தகங்களைவிட உதவின.

ஆவணங்கள் படிப்பது பற்றி ஓர் எச்சரிக்கை. எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்து 1918இல் வெளிவந்த சேலம் மாவட்ட கெஜட்டியர் (அரசாங்கத்தின் மாவட்ட விவர நூல்) இல்லாமல் பழைய சேலத்தை எழுதுவது கஷ்டம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பி கொண்டுவந்தது முதற்கொண்டு, அந்தக் காலத்துச் சேலத்தைப் பற்றித் தேட வேண்டிய எல்லாவற்றுக்கும் அந்த மாதிரி நூல்கள்தான் கதவு. ஆனால் தொடர்ந்து படித்தால் ஒன்று நடக்கும். நம் கதைசொல்லி குதிரை மேல் ஏறிவிடுவார். ‘இம்மலைவாசிகள் எளிமையானவர்கள்’ என்பது போன்ற வாக்கியங்கள் தானாக விழ ஆரம்பிக்கும். மலையில் வாழ்கிற மலையாளிகளை (கேரளத்துக்காரர்கள் இல்லை, சேர்வராயன், கல்வராயன் மலைகளின் பழங்குடிகள்) மொத்தமாக ‘அவர்கள்’ என்று பேசிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவோம். அரசாங்க அதிகாரி அப்படித்தான் எழுத முடியும், அவர் வேலை அது. நாவலாசிரியர் அப்படி எழுதினால் நாவல் செத்துப்போகும். கெஜட்டியரிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஆண்டு, விலை, பாதை, மழை. மனுஷர்களைப் பற்றி அதில் சொல்லியிருப்பதை எடுப்பதே இல்லை.

அதற்குப் பதில் பழைய கிரயப் பத்திரங்களைப் படியுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். யார் வீட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கும். ‘இதற்குச் செக்குபந்தி’ என்று ஆரம்பித்து, வடக்கே இன்னார் வீட்டுச் சுவர், கிழக்கே தெரு, தெற்கே பொதுச் சந்து, மேற்கே இன்னாருடைய கிணறு என்று போகும். அதில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரா, கிணற்றில் யாருக்கு எவ்வளவு பாத்தியம், எந்த வழியாக நடந்து போகலாம் என்று எல்லாம் இருக்கும். ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று முடிந்த கையோடு கீழே ரேகை வைத்திருப்பார்கள். எனக்கு வந்த ஒரு பத்திரத்தில் ஓர் அம்மாவின் ரேகை பாதியில் இழுபட்டிருந்தது. அவள் கையை யாரோ பிடித்து வைத்திருக்க வேண்டும், அல்லது அவளே இழுத்திருக்க வேண்டும். நாவலில் அதை ஒரு முழு அத்தியாயமாக எழுதினேன்.

படிப்பு அதிகமானால் வருகிற வியாதி, படித்ததையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை. 1950 பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். என் கதை அந்த ஆண்டைக் கடக்கிறது, தாண்டிப் போக முடியாது. அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். எழுதும்போது ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன்: அன்று சாயங்காலம் அம்மாபேட்டையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு இதில் என்ன தெரிந்திருக்கும்? சத்தம் கேட்டதாக யாரோ சொன்னது, போலீஸ் லாரி, ஜெயிலில் மகன் இருக்கிற ஒரு வீட்டுக்கு ஆட்கள் ஓடியது. எண்ணிக்கைகூட ஆளுக்கொன்றாக இருந்திருக்கும். அவ்வளவுதான் நாவலில் இருக்கிறது. மிச்சமெல்லாம் நோட்டில் இருக்கிறது. படித்தது வீணாகவில்லை, அது இருக்கிற தைரியத்தில்தான் குறைவாக எழுத முடிந்தது.

கண்ணால் படிப்பதை மட்டும் சொன்னால் போதாது. எங்கள் ஊரில் காதால் படித்தவர்கள் அதிகம். நெசவு படிக்க இங்கிலாந்து போய் வந்த டி.ஆர். சுந்தரம் இங்கேதான் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவை நடத்தினார். ஏற்காடு ரோட்டில் அதன் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. ‘மந்திரி குமாரி’ 1950இல் அங்கிருந்து வந்தது, வசனம் மு. கருணாநிதி. அந்த வசனங்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, கோபம் வந்தால் அடுக்குமொழியில்தான் கோபப்படும். என் நாவலில் ஸ்டுடியோவில் லைட் தூக்கின சித்தப்பா ஒருவர் இருக்கிறார். பாகப்பிரிவினைப் பேச்சில் அவர் மட்டும் எதுகை மோனையோடு பேசுவார், மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்குவார்கள். நம் பாத்திரங்கள் என்ன படித்தார்கள், என்ன கேட்டார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். ஒவ்வொருவர் பேச்சும் தனியாகப் பிரிந்து வரும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஏன் என்று தெரியவில்லை.

சரி, எந்தக் கட்டத்தில் எதைப் படிப்பது? நான் செய்வதைச் சொல்கிறேன், உங்களுக்கு ஒத்துவராமல் போகலாம்.

எழுத ஆரம்பிக்கும் முன் கணக்கே கிடையாது, கிடைத்ததெல்லாம் படிக்கலாம். மோசமான நாவல்களும் சேர்த்துத்தான். எந்த இடத்தில் புத்தகத்தை மூடினோம் என்று குறித்து வைத்தால் அது ஒரு பாடம். முதல் வரைவு ஓடுகிற காலத்தில் தமிழ் நாவல்களை மூடி வைத்துவிடுவேன். பத்திரம், பழைய பத்திரிகை, விவசாயக் கையேடு, சமையல் குறிப்பு, கடிதங்கள் என்று உரைநடையின் மற்ற வகைகள் மட்டும். கவிதை படிக்கலாம். என் அனுபவத்தில் கவிதை வாக்கிய அமைப்பைத் தொற்றவைப்பதில்லை, சொல்லைத்தான் சுத்தம் செய்கிறது. ராத்திரி தூக்கம் வராவிட்டால் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் அகராதியில் இரண்டு பக்கம். சிரிக்காதீர்கள். பழைய புத்தகங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, வீட்டிலிருந்தே தேடலாம், காசு கிடையாது.

திருத்துகிற கட்டத்தில்தான் பெரிய நாவல்களைத் திரும்பத் திறப்பது. அதுவும் ரசிக்க இல்லை, கையில் ஒரே ஒரு கேள்வியோடு. போன தடவை என் கேள்வி, வருஷங்களை எப்படித் தாண்டுவது என்பது. பிடித்த நாவல்களை எடுத்து, காலம் தாவுகிற இடங்களை மட்டும் பென்சிலால் குறித்தேன். நல்ல நாவலாசிரியர்கள் அதை ஒரு வாக்கியத்தின் முதல் பாதியிலேயே முடித்துவிடுகிறார்கள். ‘வருஷங்கள் உருண்டோடின’ என்று யாரும் உருட்டுவதில்லை. அப்புறம் எனக்கான வழியைத் தேடினேன். சேலத்தில் குகை என்கிற பகுதியில் ஆடி மாதம் வண்டி வேடிக்கை நடக்கும். ஆட்கள் சாமி வேஷம் கட்டி, ஜோடித்த வண்டிகளில் ஊர்வலம் வருவார்கள். என் கதையில் மூத்தவன் ஓர் ஆடியில் முருகன், இன்னோர் ஆடியில் வேஷம் பொருந்தாமல் பெருத்துப்போய்ப் பிள்ளையார், பின்னால் ஓர் ஆடியில் அவன் மகன் முருகன். ஆண்டுகளைச் சொல்லவே தேவைப்படவில்லை.

இப்போது அடுத்த நாவல் ஆரம்பித்திருக்கிறேன். ஜவ்வரிசி ஆலை ஒன்றின் கதை. மரவள்ளிக் கிழங்கு எடை போடுகிற சீட்டுகள், பழைய மின்கட்டண ரசீதுகள், ஓர் ஆலைக்காரர் வீட்டுக் கல்யாண மொய் நோட்டு என்று சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மொய் நோட்டுதான் இதுவரை கிடைத்ததிலேயே நல்ல வாசிப்பு. யார் யாருடன் பேச்சை முறித்துக்கொண்டார்கள் என்பது தொகையிலேயே தெரிகிறது. இதற்கிடையில் ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி அருமையான நாவல் ஒன்று வந்திருக்கிறது, நீ கட்டாயம் படிக்க வேண்டும் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். புத்தகத் திருவிழாவில் வாங்கியும்விட்டேன். வீட்டில் வைத்தால் கை சும்மா இருக்காது என்று சூரமங்கலத்தில் தம்பி வீட்டில் கொடுத்துவிட்டேன், முதல் வரைவு முடிந்ததும் தரச் சொல்லியிருக்கிறேன். தம்பி பெண்டாட்டி அதைப் பாதி படித்துவிட்டாளாம். தினமும் போனில் “அண்ணி, கதை எங்க போகுது தெரியுமா” என்று ஆரம்பிக்கிறாள், நான் பாலைப் பொங்கவிட்டுவிட்டேன் என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.